சிங்கத்துக்குப் புருவம்

அன்புள்ள சார்,

வணக்கம். குழந்தைகளுக்கான கதைகள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். இதுவரை கடிதம் எழுதியதில்லை. இப்போது ஒரு விஷயம் மனதைக் குடைந்துகொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

எட்டு வயதில் நான் பார்த்த படம் 'தி லயன் கிங்'. 1994-இல் வந்த கார்ட்டூன் படம். சிங்கராஜா முஃபாசா, அவருடைய குட்டி சிம்பா, ராஜ்யத்துக்கு ஆசைப்பட்டு அண்ணனையே கொல்லும் சித்தப்பா ஸ்கார், அப்பா செத்தது தன்னால்தான் என்று நம்பி ஓடிப்போய்ப் பல காலம் கழித்துத் திரும்பி வரும் சிம்பா. கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்பா சிங்கம் சாகும் இடத்தில் அன்று நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

என் மகளுக்கு இப்போது ஏழு வயது. போன மாதம் அவளுக்கு முதலில் 2019-இல் வந்த புதிய படத்தைப் போட்டேன். அசல் சிங்கம் போலவே எல்லாம் இருந்தது. ரசித்துத்தான் பார்த்தாள். "இந்தச் சிங்கம் ஏன்மா அந்தப் பன்னியைச் சாப்பிடல?" என்று நடுவில் கேட்டாள். முஃபாசா சாகும் இடம் வந்தபோது எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவளும் "பாவம்" என்று சொல்லிவிட்டு மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த வாரம் பழைய படத்தைப் போட்டேன். அதே இடம் வந்ததும் எழுந்து வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். "அம்மா, அந்த அப்பா எழுந்திருக்கவே மாட்டாரா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அவள் அழுததைப் பார்த்த பிறகுதான் நானும் அழுதேன். ஸ்கார் வந்து சிம்பாவிடம் "நீதான் காரணம்" என்கிற மாதிரி பேசும்போது, "நீ இல்லடா, அவன்தான்!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள்.

என் கணவர் சொல்கிறார்: "நீ அழுதது படத்துக்காக இல்லை, உன் சின்ன வயசுக்காக. பழசு எதுவும் நல்லதாத்தான் தெரியும்." என் அக்காவுக்கோ வேறு கோபம். பச்சைப் பிள்ளைக்கு இப்படிச் சாவைக் காட்டலாமா என்று திட்டினாள். அதற்கேற்றாற்போல மகளும் தூங்கப்போகும்போது இரண்டு முறை "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் படத்தில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் என் நினைவுதானா? அவளுக்குக் காட்டியது தப்பா? அடுத்து எதைக் காட்டலாம்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் கணவர் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சின்ன வயதில் பார்த்த படத்தைத் திரும்பப் பார்க்கும்போது, அன்றைக்கு இருந்த நாமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறோம். அதை மறுக்க முடியாது. ஆனால் அவருக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உங்கள் மகளுக்கு 1994 என்று ஒன்று கிடையாது. அவளுக்கு அவை அடுத்தடுத்த வாரங்களில் பார்த்த இரண்டு படங்கள், அவ்வளவுதான். அதிலும் புதியதைத்தான் முதலில் பார்த்தாள். பழைய படத்துக்கு வரும்போது கதை தெரியும், அப்பா சாகப்போகிறார் என்பதும் தெரியும். தெரிந்தும் இதில்தான் அழுதாள், அதுவும் உங்களுக்கு முன்பாகவே. பழைய நினைவு எதுவும் இல்லாத ஒரு சாட்சி உங்கள் மடியிலேயே இருந்திருக்கிறாள்.

இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு படங்களிலும் முஃபாசாவுக்குக் குரல் கொடுத்தவர் ஒருவரே. 2024-இல் மறைந்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். இரண்டுக்கும் இசை ஹான்ஸ் ஸிம்மர். கதை ஒன்றுதான், அந்தச் சாவும் கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் நடக்கிறது. குரல், இசை, கதை என்று இவ்வளவும் ஒன்றாக இருக்கும்போது ஒன்றில் அழுகை வருகிறது, மற்றதில் வரவில்லை என்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? முகத்தில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

பழைய படத்தின் அந்தக் காட்சியை இன்னொரு முறை, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பாருங்கள். ஸ்கார் தள்ளிவிட்டதில், மாடு போன்ற வில்டபீஸ்ட் விலங்குகள் மிரண்டோடும் பள்ளத்தாக்கில் முஃபாசா விழுந்துவிட்டார். மந்தை கடந்து போய்விட்டது. எங்கும் புழுதி. சிம்பா இருமிக்கொண்டே அப்பாவைத் தேடுகிறான். ஏதோ அசைகிறது, முகம் மலர்ந்து திரும்புகிறான். மந்தையிலிருந்து பின்தங்கிய ஒரே ஒரு விலங்கு தாவி ஓடுகிறது. அது ஓடிய பிறகுதான் முறிந்த மரத்தடியில் கிடக்கும் உடல் தெரிகிறது. மெல்லக் கிட்டே போகிறான். முகத்தோடு முகம் வைத்து முட்டுகிறான். பெரிய தலை கொஞ்சம் அசைந்து பழையபடி சரிகிறது. காதைப் பல்லால் பிடித்து இழுக்கிறான். காலையில் தூங்கும் அப்பாவை எழுப்ப அதே காதைப் பிடித்து இழுத்த பிள்ளைதான் இவன். அன்றைக்கு அது விளையாட்டு. பிறகு ஓடிப்போய் யாராவது வாருங்கள் என்று கத்துகிறான். யாரும் வரவில்லை. திரும்பி வருகிறான். கடைசியாக, செத்துக் கிடக்கும் அப்பாவின் முன்னங்காலுக்கு அடியில் தலையை நுழைத்து, அந்தக் காலைத் தன்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டு படுத்துக்கொள்கிறான்.

இதில் வசனம் மிகக் குறைவு. ஒலியே இல்லாமல் பார்த்தால் சிம்பாவின் முகத்தில் வரிசையாக என்னென்ன வந்து போகின்றன என்பது தெரியும். நம்பிக்கை, குழப்பம், பயம், வேண்டாம் என்கிற கெஞ்சல், அப்புறம் புரிந்துவிட்ட அந்த நொடி. புருவங்களின் உள்முனை மேலே ஏறுகிறது. காதுகள் தழைகின்றன. கண்ணில் நீர் திரள்கிறது. வாய் அழுகைக்கு முன்னால் கோணுகிறது. இவ்வளவும் ஒரு மனிதக் குழந்தையின் முகத்தில் நடப்பவை. ஒரு சிங்கக்குட்டியால் இதில் பாதியைக்கூடச் செய்ய முடியாது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சிங்கத்துக்குப் புருவம் கிடையாது. நாய்க்காவது கண்ணுக்கு மேலே தசை அசைந்து நம்மைக் கெஞ்சுவது போன்ற ஒரு பாவம் வரும். சிங்கத்தின் முகத்தில் கோபம் தெரியும், எச்சரிக்கை தெரியும். காதை மடக்கும், பல்லைக் காட்டும். துக்கம் நமக்குப் புரிகிற மாதிரி அங்கே எழுதப்பட்டிருக்காது. பழைய படத்தை வரைந்தவர்கள் இது தெரியாதவர்கள் இல்லை. உயிருள்ள சிங்கத்தையே ஸ்டூடியோவுக்கு வரவழைத்து எதிரே வைத்துக்கொண்டு வரைந்து பழகினார்கள். படக்குழுவில் சிலர் கென்யாவுக்குப் போய் அந்த நிலத்தையும் வெளிச்சத்தையும் பார்த்து வந்தார்கள். எலும்பும் தசையும் எப்படி நகரும், கனமான உடல் எப்படி நடக்கும் என்பதையெல்லாம் கற்றுக்கொண்டு, அதன் பிறகு தெரிந்தே ஒரு பொய்யைச் சேர்த்தார்கள். சிங்கத்துக்குப் புருவம் வைத்தார்கள். நடை சிங்கத்துடையது, முகம் நம்முடையது.

கையால் வரையும் அனிமேட்டர்களின் மேசையில் ஒரு கண்ணாடி இருக்கும். பாத்திரம் சிரிக்க வேண்டுமானால் அவர் அந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்து, அந்தச் சிரிப்பை வரைவார். அழ வேண்டுமானாலும் அப்படித்தான். இந்த வேலைமுறை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. குட்டி சிம்பாவை வரைந்த குழுவுக்குத் தலைமை மார்க் ஹென். முஃபாசாவுக்கு டோனி ஃபுசிலி. ஸ்காருக்கு ஆந்த்ரேயாஸ் டேயா. ஸ்காருக்குக் குரல் கொடுத்த ஜெரமி அயர்ன்ஸ் பேசும்போது உதடும் கண்ணிமையும் எப்படிச் சுழிக்கின்றன என்பதைக் கவனித்து அதைச் சிங்கத்தின் முகத்துக்குக் கொண்டுபோனார் டேயா. ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், 88 நிமிடப் படம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃப்ரேம்கள். எல்லாவற்றுக்கும் தனித்தனி ஓவியம் தேவைப்படாது, ஒரே ஓவியம் அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களுக்கு நிற்பதும் உண்டு. அப்படிப் பார்த்தாலும் உங்கள் மகளை அழவைத்த அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் எத்தனை முறை ஒரு மனிதர் பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு துக்கத்தை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்!

இது அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1942-இல் வெளிவந்த 'பாம்பி' என்ற மான்குட்டிப் படத்தை எடுத்தபோதே இதே சிக்கல் வந்தது. ஸ்டூடியோவில் மான்குட்டிகளை வளர்த்துப் பார்த்து வரைந்தார்கள். மானின் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன, வாய் சிறியது, பேசவைப்பதே கஷ்டம். மனிதக் குழந்தையின் முகபாவங்களை மானின் முகத்தில் பொருத்திப் பார்த்துத்தான் வழி கண்டார்கள். சிம்பாவின் முகம் அந்தப் பரம்பரையில் வந்தது.

புதிய படத்துக்கு வருகிறேன். அதைத் திட்டிவிட்டுப் போவது எளிது, எனக்கு அதில் விருப்பமில்லை. ஜான் ஃபேவ்ரோ இயக்கிய அந்தப் படத்தில் ஏறத்தாழ 1,500 ஷாட்டுகள். அதில் கேமராவால் எடுத்தது தொடக்கத்தில் வரும் சூரிய உதயம் ஒன்று மட்டும்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். மற்ற எல்லாப் புல்லும் கல்லும் ரோமமும் கம்ப்யூட்டரில் செய்தவை. அந்த வேலையில் பெரும்பங்கு எம்.பி.சி. என்ற நிறுவனத்துடையது, அதன் பெங்களூர்க் கிளையில் இருந்தவர்களும் அதில் உழைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்துவிடவில்லை. அந்தச் சிங்கங்களையும் அனிமேட்டர்கள் ஒவ்வொரு அசைவாக உட்கார்ந்துதான் நகர்த்தினார்கள். அவர்கள் திறமையில் எந்தக் குறையும் இல்லை. அவர்களுக்குப் போட்ட கட்டளைதான் கையைக் கட்டிவிட்டது. அசல் விலங்கு செய்யாத எதையும் முகத்தில் செய்யாதே என்பதுதான் அந்தக் கட்டளை. ஆகவே அப்பாவின் உடலைப் பார்க்கும் குட்டியின் முகமும், வெறும் புல்லைப் பார்க்கும் குட்டியின் முகமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. குரல் உடைகிறது, முகம் அப்படியே இருக்கிறது. குரலில் அழுகை இருப்பதால் அந்தக் குட்டிக்குத் துக்கம் என்று நமக்குத் தெரிகிறது. தெரிவதோடு சரி, நம்மை வந்து பிடிப்பதில்லை.

அந்தப் படம் உயர்ந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. சிம்பாவின் பிடரியிலிருந்து உதிர்ந்த ஒரு கற்றை மயிர் காற்றில் பறந்து, ஆற்றில் மிதந்து, ஒட்டகச்சிவிங்கியின் வயிற்றுக்குள் போய் வெளியே வந்து, சாணிவண்டு உருட்டும் உருண்டையில் சிக்கி, கடைசியில் கிழட்டுக் குரங்கு ரஃபீக்கியின் கைக்கு வந்துசேரும். வாயைப் பிளந்துகொண்டு பார்க்கலாம். காட்டுயிர் ஆவணப்படங்களின் அழகு முழுவதும் அதில் இருக்கிறது. கவனித்துப் பார்த்தால் அந்த இடத்தில் யாரும் பேசுவதில்லை, யாரும் எதற்காகவும் வருத்தப்படுவதில்லை. இயற்கையை இயற்கையாகக் காட்ட அந்தத் தோற்றம் பொருத்தமாக இருக்கிறது. அதே தோற்றத்தைக் கொண்டு ஒரு பிள்ளையின் துக்கத்தைச் சொல்ல வரும்போது அது கைவிட்டுவிடுகிறது.

உங்கள் மகள் கேட்ட பன்றிக் கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். அருமையான கேள்வி. பழைய படத்தைப் பார்த்தபோதும் அதைக் கேட்டாளா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்க மாட்டாள் என்றே ஊகிக்கிறேன். வரைந்த உலகத்தில் பன்றி பும்பாவும் சிம்பாவும் நண்பர்கள் என்றால் நண்பர்கள்தான். புழுவையும் வண்டையும் தின்று ஒரு சிங்கம் பிடரி வளர்ந்து ஆளாகிறது என்றால் சரி என்று ஏற்றுக்கொள்கிறோம். அசல் சிங்கத்தைக் கண்முன்னால் நிறுத்திவிட்டால் அசல் சிங்கத்தைப் பற்றிய எல்லாக் கேள்விகளும் கூடவே வந்துவிடும். நிஜத்தில் ஒரு கூட்டத்தைக் கைப்பற்றும் ஆண் சிங்கம் முந்தைய ஆணின் குட்டிகளைப் பெரும்பாலும் கொன்றுவிடும். வேட்டையில் பெரும்பகுதி பெண் சிங்கங்களுடையது. பட்டத்து இளவரசன் என்பதெல்லாம் மனிதர்களின் கதை. அதைச் சொல்ல மனித முகம் தேவைப்படுகிறது.

நிறத்தையும் சொல்ல வேண்டும். பழைய படத்தில் வானம் கதையோடு சேர்ந்து மாறும். ராஜாவாக வேண்டும் என்று சிம்பா பாடும்போது காடே இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகத் தட்டையான கோலம் போல ஆகிவிடும். ஸ்கார் சதி செய்யும் குகையில் பச்சைப் புகை. கடைசிச் சண்டையில் எல்லாமே நெருப்பு நிறம். நிஜ வெளிச்சத்துக்குக் கட்டுப்பட்ட புதிய படத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை. இரவைப் பற்றிய காதல் பாட்டுகூட அதில் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில்தான் போகிறது. பழைய படத்தில் செத்துப்போன முஃபாசா மேகத்தில் முழு உருவமாக எழுந்து வந்து, நீ யார் என்பதை மறந்துவிட்டாய் என்று மகனிடம் சொல்வார். புதியதில் மேகம் மேகமாகவே இருக்கிறது. உற்றுப் பார்த்தால் ஒரு சாயல் தெரியலாம், அவ்வளவுதான். அப்பாவைத் திரும்பப் பார்க்க ஏங்கிய பிள்ளைக்கு அந்தச் சாயல் எப்படிப் போதும்?

கம்ப்யூட்டரில் செய்வதே உயிரில்லாத வேலை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம். 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவான படம். அதன் முதல் சில நிமிடங்களிலேயே ஒரு தாய் மீன் செத்துப்போகிறது. மிச்சமிருக்கும் ஒரே ஒரு முட்டையைத் தந்தை மீன் துடுப்பில் ஏந்தி நிற்கும் காட்சி யாரையும் கலங்கடிக்கும். ஏனென்றால் அந்த மீனுக்கு இரண்டு கண்களும் முன்னால் இருக்கின்றன, நெற்றி சுருங்குகிறது. எந்த மீனுக்கு அப்படி இருக்கிறது? செய்தவர்கள் துணிந்து பொய் சொன்னார்கள். பென்சிலா கம்ப்யூட்டரா என்பதைவிட இந்தத் துணிச்சல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இனி உங்கள் அக்காவின் கோபம். அதில் அக்கறை இருக்கிறது, அதனால் அதற்கு விரிவாகவே பதில் சொல்ல நினைக்கிறேன்.

'பாம்பி'யில் தாய் மான் சாவதை நாம் பார்ப்பதில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்கும், பிறகு பனி, பிறகு தேடும் குட்டி. குழந்தைகளுக்கான படங்களில் சாவு அப்படித் திரைக்கு வெளியே நடப்பதுதான் வழக்கம். 'லயன் கிங்' உடலைக் காட்டியது. காட்டியது மட்டுமல்லாமல், அதன் பக்கத்தில் ஒரு பிள்ளையை நிற்கவிட்டு, அந்தப் பிள்ளை எழுப்பிப் பார்க்கவும் உதவி தேடி ஓடவும் திரும்பி வரவும் படுத்துக்கொள்ளவும் நேரம் கொடுத்தது. ரத்தம் இல்லை, காயத்தைக் காட்டவில்லை. பயமுறுத்தும் நோக்கம் இருந்திருந்தால் விழும் காட்சியை நீட்டியிருப்பார்கள். அவர்கள் நீட்டியது விழுந்த பிறகு வருவதை. குழந்தைகளை மதித்தவர்களால்தான் அப்படிச் செய்ய முடியும் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகள் கேட்ட கேள்வியைப் பாருங்கள். "எழுந்திருக்கவே மாட்டாரா?" ஏறத்தாழ ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் குழந்தைகளுக்குச் சாவைப் பற்றிய அடிப்படை விஷயங்கள் புரிய ஆரம்பிக்கின்றன. செத்தவர் திரும்ப வர மாட்டார், அது எல்லாருக்கும் வரும் என்பவை. அதற்கு முன்பு சாவு என்பது ஊருக்குப் போனது போல, தூங்குவது போல. ஆகவே அவளுடைய கேள்வி அவள் வயதின் கேள்வி. இந்தப் படம் இல்லாவிட்டால் ஒரு செத்த பறவையைப் பார்த்தோ, பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்தபோதோ அதே கேள்வி வந்திருக்கும். படத்தில் வந்ததில் ஒரு வசதி இருக்கிறது. யாரையும் இழக்காமல், உங்கள் மடியில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்க முடிந்தது.

நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. "மாட்டார்" என்பதுதான் பதில். "இது வெறும் படம்தானே" என்று சொல்லாமல் இருப்பது நல்லது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அழுகிறவளிடம் அப்படிச் சொன்னால், நீ அழுவதற்குக் காரணமே இல்லை என்று சொல்வது போல ஆகிவிடும். தூங்கப்போகும்போது அப்பாவைப் பற்றிக் கேட்டால், அப்பா ஆரோக்கியமாக இருக்கிறார், பெரும்பாலானவர்கள் ரொம்ப வயதான பிறகுதான் சாகிறார்கள், எது நடந்தாலும் உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்னதாகவும் இருக்கும், அவளுக்குத் தைரியமாகவும் இருக்கும். ஒருபோதும் ஒன்றும் ஆகாது என்று சத்தியம் மட்டும் செய்ய வேண்டாம். கேள்வி தினமும் வந்து தூக்கம் கெடுகிற அளவுக்குப் போனால் அது வேறு விஷயம். இரண்டு முறை கேட்டது கவலைப்பட வேண்டியதல்ல.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்டது அவள் டிவியைப் பார்த்துக் கத்திய வரிதான். "நீ இல்லடா, அவன்தான்!" வீட்டில் ஏதாவது கெட்டது நடந்தால் சின்னக் குழந்தைகள் அதைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்வார்கள். நான் சண்டை போட்டதால்தான் பாட்டிக்கு உடம்பு சரியில்லை, நான் கோபத்தில் நினைத்ததால்தான் இப்படி ஆனது என்று ரகசியமாக நம்புவார்கள். யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். ஸ்கார் செய்யும் உண்மையான கொடுமை அண்ணனைக் கொன்றது மட்டுமல்ல, அந்தக் கொலையைக் குழந்தையின் தலையில் கட்டியதும்தான். சிம்பா அதை நம்பி ஓடுகிறான், வளர்ந்த பிறகும் நம்பிக்கொண்டிருக்கிறான். படம் பார்க்கும் குழந்தைக்கு மட்டும் உண்மை தெரியும். படத்தின் முடிவு நெருங்கும் வரைக்கும் அவள் அந்த உண்மையை வைத்துக்கொண்டு தவிக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் ஸ்காரின் வாயாலேயே அது வெளியே வரும்போது அவளுக்குக் கிடைக்கும் நிம்மதி சாதாரணமானதல்ல. இழவுக் காட்சியோடு நிறுத்திவிட்டிருந்தால் இது அவளுக்குக் கிடைத்திருக்காது. கடைசி வரை உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பா செத்துக் கொஞ்ச நேரத்துக்குள் கீரி இனத்து டிமோனும் பும்பாவும் வந்து கவலையை விடு என்று பாட ஆரம்பிக்கிறார்களே, இது அவசரமில்லையா என்று சிலர் கேட்பதுண்டு. இழப்பைச் சந்தித்த குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் சொல்லும் ஒரு விஷயம் இங்கே பொருந்தும். பெரியவர்கள் துக்கத்தை ஆறு போல நடந்து கடக்கிறார்கள். குழந்தைகளுக்கு அது மழைக்குட்டை. ஒரு குட்டையில் குதிக்கிறார்கள், நனைகிறார்கள், வெளியே வந்து விளையாடுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் அடுத்த குட்டை. உங்கள் மகளும் அந்தப் பாட்டுக்குச் சிரித்திருப்பாள். அதற்காக அழுதது பொய்யாகிவிடாது. படமும் அந்தக் கவலையற்ற வாழ்க்கையை முடிவாக வைக்கவில்லை. அங்கே இளைப்பாறவைத்து, பிறகு திரும்பிப் போகச் சொல்கிறது.

ஹான்ஸ் ஸிம்மரைப் பற்றி ஒரு செய்தி. ஆறு வயதில் தந்தையை இழந்தவர் அவர். அப்போது சிறுமியாக இருந்த தன் மகளுக்குக் காட்டத்தக்க ஒரு படமாக இருக்கட்டும் என்றுதான் இந்த வேலையை ஒப்புக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். இசையமைக்க உட்கார்ந்த பிறகு, தான் அதுவரை தொடாமல் வைத்திருந்த அந்தப் பழைய இழப்பு எதிரே வந்து நின்றதாகவும், அந்த இசை தன் அப்பாவுக்காக எழுதியது போலவே ஆகிவிட்டதாகவும் பல பேட்டிகளில் பேசியிருக்கிறார். அவருடைய முதல் ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான். சாவைக் குழந்தைக்குக் காட்டலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு அவர் நினைவுதான் வரும். ஆறு வயதில் அவருக்கு யாரும் கேட்டுவிட்டுக் காட்டவில்லை.

இந்தப் படத்தின்மேல் எனக்கும் விமர்சனங்கள் உண்டு. இத்தனை பெண் சிங்கங்கள் இருந்தும் சிம்பா திரும்பி வரும்வரை ஸ்காரை யாரும் எதிர்க்காமல் இருப்பது எனக்கு உறுத்தும். கழுதைப்புலிகளை ஸ்காரின் முட்டாள் அடியாட்களாகக் காட்டியிருப்பதும் அநியாயம். நிஜத்தில் அவை பெண்கள் தலைமையில் வாழும், நன்றாக வேட்டையாடும் புத்திசாலி விலங்குகள். மகள் இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் இதையெல்லாம் பேசலாம். இப்போது வேண்டாம்.

அவள் மறுபடியும் பார்க்கக் கேட்டால் போடுங்கள். பள்ளத்தாக்குக் காட்சியை ஓட்டிவிடச் சொன்னால் ஓட்டிவிடுங்கள், ரிமோட்டை அவள் கையிலேயே கொடுத்துவிடலாம். இந்த முறை அந்தச் சாவுக்கு முன்னால் வரும் ஒரு சின்ன இடத்தை அவளுக்குக் காட்டுங்கள். யானைகளின் இடுகாட்டுக்குப் போய் மாட்டிக்கொண்ட சிம்பாவைக் கண்டிக்க முஃபாசா கூப்பிடுவார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரும் சிம்பாவின் முன்னங்கால் ஒரு பள்ளத்தில் பதியும். குனிந்து பார்ப்பான். அது அப்பாவின் கால்தடம். அதற்குள் அவன் கால் அத்தனை சின்னதாக இருக்கும். ஒரு வார்த்தை கிடையாது. அப்பா எவ்வளவு பெரியவர், தான் எவ்வளவு சின்னவன் என்பது அவனுக்கு அங்கேதான் உறைக்கிறது. அதே பெரிய காலுக்கு அடியில்தான் பின்னால் அவன் போய்ப் படுக்கிறான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஏழு வயதுக் குழந்தைக்கு நிச்சயம் முடியும்.

அடுத்து என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். 'பாம்பி' இன்னும் ஓரிரண்டு வருடம் போகட்டும். இப்போதைக்கு ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி 1988-இல் எடுத்த 'மை நெய்பர் டோட்டோரோ'. அதுவும் கையால் வரைந்த படம்தான். இரண்டு சிறுமிகள், மருத்துவமனையில் இருக்கும் அம்மா, வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில் வாழும் ஒரு பெரிய உயிரினம். கெட்டவர் என்று ஒருவர்கூட இல்லை. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் மட்டும் இருக்கிறது. உங்கள் மகள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் படம் அது. கதை முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அணைத்துவிடாதீர்கள். அம்மா வீட்டுக்குத் திரும்பி வருவதை அந்தப் பெயர்களோடு வரும் ஓவியங்களில்தான் காட்டுகிறார்கள். அவள் அதைப் பார்க்காமல் தூங்கப்போகக் கூடாது.